பிராட்லி முனையும் ஒரு கப்பல் அதிகாரியின் தாள்களும்

சிட்னிக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருவர் கேட்டது இது: "மேன்லிக்குப் படகில் போகும்போது பிராட்லீஸ் ஹெட் என்று ஒரு முனை வருகிறது. அந்தப் பிராட்லி, பிரிட்டனிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்த முதல் கப்பல் தொகுதியில் வந்த கடற்படை அதிகாரி, ஓவியமும் வரைந்தவர் என்று படித்தேன். அவருடைய தாள்கள் எங்கே இருக்கின்றன? அவற்றை எவ்வளவு தூரம் நம்பிப் படிக்கலாம்?"

தாள்கள் சிட்னியிலேயே இருக்கின்றன. மெக்குவாரி தெருவில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தின் மிட்செல் பிரிவு 1924-இல் அவற்றை வாங்கியது. தலைப்பு 'நியூ சவுத் வேல்ஸுக்கு ஒரு பயணம்'. 1786 டிசம்பரிலிருந்து 1792 மே வரையிலான விவரம் அதில் உண்டு. கூடவே 29 நீர்வண்ண ஓவியங்கள், 22 கடல் வரைபடங்கள். எல்லாவற்றையும் நூலகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். கையெழுத்து அழகானது, படிக்கக் கஷ்டமில்லை. சொல்லப்போனால், அந்த அழகுதான் முதலில் உங்களைச் சந்தேகப்பட வைக்க வேண்டும்.

ஆடுகிற கப்பலில், உப்புக்காற்றில், நாலு மணி நேரக் காவல் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுபவரின் கை இப்படியா இருக்கும்? அடித்தல் திருத்தல் அதிகம் இல்லை, ஓவியங்கள் அததற்குரிய இடத்தில் பொருந்தி நிற்கின்றன. காரணம் எளிது. இது அன்றன்று எழுதிய தாள் அல்ல. கப்பலில் வைத்திருந்த பதிவேட்டையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, பல ஆண்டு கழித்து நிதானமாக எழுதிய சுத்தப் பிரதி. 1802-இலோ அதற்குப் பிறகோ தொகுத்தது என்றுதான் நூலகம் கணிக்கிறது. அதாவது, பிராட்லி சிட்னியை விட்டுக் கிளம்பிப் பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு.

இதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் 'நேரில் கண்டவர் அங்கேயே எழுதியது' என்று யாராவது மேற்கோள் காட்டினால், சற்று நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த வரி அன்றைக்கு எழுதியதா, பின்னால் யோசித்துச் சேர்த்ததா? எதைச் சேர்த்தார், எதை விட்டார்?

சரி, ஆள் யார் என்று முதலில் பார்ப்போம்.

வில்லியம் பிராட்லிக்குச் சொந்த ஊர் போர்ட்ஸ்மவுத் பக்கம். தந்தை அங்கிருந்த அரச கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தவர். ஒளியின் பிறழ்ச்சியைக் கண்டுபிடித்த அரச வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி உறவில் பெரிய தாத்தா முறை. பின்னாளில் பெண் எடுத்ததும் அதே கல்லூரியின் தலைமை ஆசிரியர் வீட்டில்தான். கணக்கு, வானநூல், திசைகாட்டி, வரைபடம் இவையெல்லாம் வீட்டுப் பேச்சாகவே காதில் விழுந்திருக்கும். 1772-இல் கடற்படையில் சேர்ந்தார், 1778-இல் லெப்டினன்ட் ஆனார். 1786 அக்டோபரில் 'சிரியஸ்' கப்பலுக்கு முதல் லெப்டினன்டாக வந்தார். கைதிகளை ஏற்றிக்கொண்டு 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பிய 11 கப்பல்களுக்கும் அதுதான் தலைமைக் கப்பல். ஆர்தர் ஃபிலிப் ஆளுநராக நியமிக்கப்பட்டவர். கப்பலை உண்மையில் நடத்தியவர் ஜான் ஹண்டர். அவருக்கு அடுத்த இடத்தில் பிராட்லி.

'அதிகாரியாகவும் இருந்தார், ஓவியராகவும் இருந்தார்' என்று நாம் இன்று ஆச்சரியமாகச் சொல்கிறோம். அன்று அது ஆச்சரியமே இல்லை. கரையோரத்தைக் கடலிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரையத் தெரிந்திருப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. புகைப்படம் கிடையாது. நல்ல வரைபடமும் கிடையாது. அடுத்த முறை இன்னொரு கப்பல் அந்தப் பக்கம் வரும்போது, 'இரண்டு மலை சேர்ந்த மாதிரி தெரிந்து, இடது பக்கம் வெள்ளைப் பாறை தென்பட்டால் துறைமுக வாய் இங்கே' என்று அடையாளம் சொல்ல ஒரு படம் வேண்டும். படம் தப்பாக இருந்தால் கப்பல் பாறையில் போய் ஏறும். ஆகவே அது ரசனைக்கான ஓவியம் அல்ல, ஆழம் பார்க்கும் ஈயக் குண்டு மாதிரி ஒரு கருவி.

பிராட்லியின் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலமும் நீரும் பெரிதாக, நிதானமாக, அளவு பிசகாமல் இருக்கும். கப்பல்கள் எங்கே நங்கூரம் போட்டு நின்றன என்பது துல்லியமாக இருக்கும். மனிதர்கள் எறும்பு மாதிரி இருப்பார்கள். முகம் வரைய அவருக்கு வராது, உடம்பும் சுமார்தான். சிரியஸும் மற்றக் கப்பல்களும் பாட்டனி விரிகுடாவுக்குள் நுழைகிற, 1788 ஜனவரி 21 என்று அவர் தேதியிட்ட படத்தை எடுத்துக்கொண்டால், அதில் பாய்கள் இருக்கும் நிலையைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் என்று ஒரு மாலுமி சொல்லிவிடுவார். கரையில் நின்றுகொண்டு பார்த்தவர்களின் முகத்தில் என்ன இருந்தது என்பதை அந்தப் படத்தில் தேடிப் பயனில்லை.

அந்தத் தேதியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்தக் காலப் பிரிட்டிஷ் கப்பல்களில் நாள் நள்ளிரவில் தொடங்காது, நண்பகலில் தொடங்கும். சூரியன் உச்சிக்கு வரும்போது உயரம் அளந்து அட்சரேகை கணக்கிட்டதும் புது நாள் பிறந்துவிடும். ஆகவே திங்கட்கிழமை மாலை நடந்தது கப்பல் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைத் தேதியில் இருக்கும். கரையில் இறங்கிக் குடியேறிய பிறகு சிலர் கரைத் தேதிக்கு மாறினார்கள், சிலர் தாமதமாக மாறினார்கள். முதல் கப்பல் தொகுதிக் குறிப்புகளில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி கிடைத்தால், உடனே 'யாரோ பொய் சொல்கிறார்கள்' என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் மணியைப் பாருங்கள்.

இனி நீங்கள் போகிற படகுப் பாதைக்கே வருவோம். 1788 ஜனவரி 26 அன்று எல்லாரும் போர்ட் ஜாக்சனுக்கு, அதாவது இன்றைய சிட்னி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டே நாளில், ஜனவரி 28 அன்று, ஹண்டரும் பிராட்லியும் துறைமுகத்தை அளக்கப் படகில் கிளம்பிவிட்டார்கள். பிப்ரவரி 6 வரை அந்த வேலை. அதில்தான் அந்த முனைக்குப் பிராட்லியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள், இடத்துக்குப் பெயரும் இருந்தது. போரகீகல் குடியினரின் நிலம் அது. அவர்கள் சொன்ன பெயரை வெள்ளைக்காரர்கள் போரகி, புராகி என்று பலவிதமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அளக்கப்போன இரண்டாம் நாளே, ஜனவரி 29 அன்று, துறைமுக வாயின் வடபகுதியில் ஒரு சந்திப்பு நடந்தது. அந்த மக்கள் எங்கள் ஆட்களோடு கலந்துகொண்டார்கள், எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள் என்று பிராட்லி எழுதுகிறார். ஆழம், திசை, காற்று என்று வறட்சியாகப் போய்க்கொண்டிருக்கும் பக்கங்களுக்கு நடுவே இந்த வரி வருகிறது. துப்பாக்கியோடு வந்தவர்களும் ஈட்டியோடு நின்றவர்களும், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத நிலையில், மணலில் கைகோத்து ஆடியிருக்கிறார்கள். மார்ச் மாதம் வடக்கே புரோக்கன் விரிகுடாவை அளக்கப் போனபோது அவர் வரைந்த காட்சியிலும் கரையோரம் சின்னச் சின்ன உருவங்கள் ஆடுகின்றன. சட்டை போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று ஜோடி ஜோடியாக. வழக்கம்போல மலைதான் படத்தை நிறைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்தக் குட்டி உருவங்களை வரைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பலை வழிநடத்த அந்த ஆட்டம் எதற்கும் பயன்படாது.

இந்த நட்பு நீடிக்கவில்லை. ஆட்டம் நடந்த அதே வடகரைக்கு, 22 மாதம் கழித்து பிராட்லி மறுபடி போனார். இம்முறை ஆளைப் பிடித்துவர.

பின்னணி இது. உணவுத் தட்டுப்பாடு. குடியேறியவர்களுக்கும் அங்கிருந்தவர்களுக்கும் மோதல். பேசிப் புரியவைக்க மொழி தெரிந்த ஆள் இல்லை. அதனால் ஒருவரைப் பிடித்து வைத்து மொழியைக் கற்றுக்கொள்வது என்பது ஃபிலிப்பின் யோசனை. 1788 கடைசியில் அரபனூ என்பவரைப் பிடித்தார்கள். 1789 ஏப்ரலில் பெரியம்மை பரவி, துறைமுகத்தைச் சுற்றி இருந்த மக்களில் கணிசமானவர்கள் செத்துப்போனார்கள். மே மாதம் அரபனூவும் அதிலேயே இறந்தார். மறுபடி ஆள் வேண்டியிருந்தது. 1789 நவம்பர் 25 அன்று இரண்டு படகுகளோடு பிராட்லியை மேன்லி பக்கம் அனுப்பினார்கள்.

நடந்ததை அவரே விவரமாக எழுதியிருக்கிறார். பெரிய மீன்களைத் தூக்கிக் காட்டினார்கள். கரையில் இருந்தவர்கள் ஆவலோடு வந்து வாங்கிக்கொண்டார்கள். மறுபடியும் ஆட்டம். அவர்களில் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தபோது பிராட்லி சைகை காட்டினார். இரண்டு பேரைப் பிடித்து ஒரு நொடியில் படகுக்குள் தள்ளிவிட்டார்கள். சைகையைத் தான்தான் காட்டினேன் என்று மறைக்காமல் எழுதுகிறார். கரையில் ஆண்கள் கூச்சல், பெண்களும் குழந்தைகளும் அழுகை, படகில் பிடிபட்ட இருவரின் நிலை, எல்லாம் சேர்ந்து சகிக்க முடியாத காட்சி என்கிறார். எனக்கு இடப்பட்ட பணிகளிலேயே மிக வெறுப்பானது இதுதான் என்று முடிக்கிறார்.

பிடிபட்ட இருவரில் ஒருவர் காடிகல் குடியைச் சேர்ந்த கோல்பி. மற்றவர் வங்கல் குடியைச் சேர்ந்த பென்னலாங். ஆமாம், சிட்னி ஒபரா மாளிகை நிற்கிற பென்னலாங் முனைக்குப் பெயர் தந்தவர்தான். காலில் விலங்கு மாட்டி வைத்திருந்தும் கோல்பி சில வாரங்களிலேயே தப்பிவிட்டார். பென்னலாங் 1790 மே மாதம் நழுவினார்.

இதற்கும் ஒரு நீர்வண்ணப் படம் உண்டு. 'கோல்பியையும் பென்னலாங்கையும் பிடித்தது' என்று தலைப்பு, தேதியோடு. கட்டாயம் பாருங்கள், எழுத்தைப் படித்துவிட்டுப் பாருங்கள். அமைதியான நீர், மணல், பின்னால் மரங்கள், கரையோரம் படகு. நடுவில் சின்ன உருவங்கள் இழுபறியில். எழுத்தில் கேட்கிற அழுகை படத்தில் கேட்பதே இல்லை. கரைக்காட்சி வரைந்து பழகிய கை, இதையும் ஒரு கரைக்காட்சியாகவே வரைந்துவிட்டது. ஒரே ஆள், ஒரே நிகழ்ச்சி, எழுத்து ஒன்று சொல்கிறது, படம் இன்னொன்று சொல்கிறது. படத்தை மட்டும் வெட்டிப் பாடப்புத்தகத்தில் போடுகிறபோது இதுதான் பிரச்சினை. பிராட்லியின் தாள்களை எழுத்தோடு படமும் படத்தோடு எழுத்துமாகத்தான் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு கேள்வியும் எழும். அந்த வெறுப்பு அன்றைக்கே தோன்றியதா, பத்தாண்டு கழித்துச் சுத்தப் பிரதி எழுதும்போது மனசாட்சி சேர்த்ததா? தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் ஊகம், அன்றைக்கே தோன்றியதுதான். அழகுபடுத்தி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தால், சைகை கொடுத்தது தான் என்பதை முதலில் விட்டிருப்பார்.

நம்பகத்தன்மை பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதில் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் அவர் எப்போது எங்கே இருந்தார் என்பது. முதல் மூன்று ஆண்டில் ஏறக்குறையப் பாதிக் காலம் அவர் சிட்னியில் இல்லவே இல்லை. 1788 அக்டோபர் தொடக்கத்தில் சிரியஸ் மாவு வாங்கிவரத் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கிளம்பியது. ஹண்டர் மேற்கே போகாமல் கிழக்கே போய், தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, பனிப்பாறைகளுக்கு நடுவே, ஸ்கர்வி நோயில் ஆட்கள் படுத்துக் கிடக்க, நன்னம்பிக்கை முனையை அடைந்தார். திரும்பி வந்தது 1789 மே மாதம். உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி மாவு வாங்கிவந்திருக்கிறார்கள்! அதனால் பெரியம்மை பரவிய ஏப்ரலில் பிராட்லி கடலில் இருந்தார். அதைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் நோய் தொடங்கிய விதமெல்லாம் கேள்வி ஞானம்.

அதேபோல 1790 செப்டம்பர் 7 அன்று மேன்லியில் ஆளுநர் ஃபிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. பிராட்லி அப்போது நார்ஃபோக் தீவில். ஆனாலும் அவர் தாள்களில் அந்த நிகழ்ச்சி நுணுக்கமாக இருக்கிறது. ஏனென்றால் ஃபிலிப்போடு கூடவே நின்ற லெப்டினன்ட் ஹென்றி வாட்டர்ஹவுஸ் சொன்னதை அவர் வாங்கிச் சேர்த்துவைத்திருக்கிறார். ஈட்டித் தண்டு நீளமாக நிலத்தில் இடிக்க, ஆளுநரால் ஓட முடியாமல் போனதும், வாட்டர்ஹவுஸ் அதை ஒடிக்கப் பாடுபட்டதும் நமக்குக் கிடைப்பது இப்படித்தான். ஆக, 'பிராட்லியின் நாட்குறிப்பு' என்று நாம் சொல்வது ஒரு தொகுப்பு. தன் பதிவேடு, நண்பர்களின் வாய்மொழி, பின்னால் படித்தது, எல்லாம் கலந்தது. ஹண்டரின் புத்தகம் 1793-இலேயே லண்டனில் அச்சாகிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே கப்பலில் இருந்த அதிகாரிகள் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்து எழுதுவது அன்று தவறாகக் கருதப்படவில்லை. இரண்டு பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தால் அதை இரண்டு சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

நார்ஃபோக் தீவுக்கு ஏன் போனார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் வரைந்ததில் எனக்குப் பிடித்த படம் அங்கேதான் இருக்கிறது. சிட்னியில் சோற்றுக்கு வழியில்லாமல் போகவே, 1790 மார்ச்சில் ஒரு கூட்டத்தைச் சிரியஸிலும் 'சப்ளை' என்ற சிறு கப்பலிலும் ஏற்றி அந்தத் தீவுக்கு அனுப்பினார் ஃபிலிப். ஆட்களை இறக்கிவிட்டார்கள். மார்ச் 19 அன்று சாமான்களை இறக்கக் கரையை நெருங்கும்போது காற்று திரும்பியது. கப்பல் பாறைத்திட்டில் மோதி உட்கார்ந்துவிட்டது. பாய்மரங்களை வெட்டி வீழ்த்தி, கரைக்கு வடம் கட்டி, அலைக்குள் இழுத்து இழுத்து ஆட்களைக் கரை சேர்த்தார்கள். ஒருவரும் சாகவில்லை. குடியேற்றத்துக்கு இருந்த இரண்டே கப்பல்களில் பெரியது போய்விட்டது.

அந்தப் பாறைத்திட்டைப் பிராட்லி வரைந்திருக்கிறார். இதில் அவர் கை தடுமாறவில்லை. அலை, பாறை, உடைந்த கப்பல், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உள்ள தூரம், எல்லாம் அவருக்குத் தெரிந்த பாடம். சொந்தக் கப்பல் செத்துக் கிடப்பதையும் அளவு பிசகாமல் வரைகிற மனம் எப்படிப்பட்டது என்று யோசித்திருக்கிறேன். (அந்தச் சிரியஸின் நங்கூரம் ஒன்று சிட்னியில் மெக்குவாரி பிளேஸ் பூங்காவில் இருக்கிறது. சர்க்குலர் கீயிலிருந்து நடந்தே போய்விடலாம், படகேறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பதினோரு மாதம் தீவில் மாட்டிக்கொண்டார்கள். பிராட்லி சும்மா இருக்கவில்லை, தீவு முழுவதையும் அளந்து வரைபடம் போட்டார். சாப்பாட்டுக்கு அவர்களைக் காப்பாற்றியது ஒரு கடற்பறவை. பிட் மலையில் வளை தோண்டி முட்டையிட வரும் பெட்ரல் இனம். இரவில் தீப்பந்தம் கொளுத்தி, லட்சத்துக்கும் மேல் பிடித்துத் தின்றார்கள். கடவுள் கொடுத்தது என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் நார்ஃபோக்கில் அந்தப் பறவையே இல்லாமல் போயிற்று. இன்று பெரும்பாலும் லார்ட் ஹோவ் தீவில்தான் இனப்பெருக்கம் செய்கிறது.

1791 மார்ச்சில் வாக்சாம்ஹெய்ட் என்ற வாடகை டச்சுக் கப்பலில் சிரியஸ் ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். போய்ச் சேர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1792 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத். கப்பலை இழந்தால் கட்டாயம் நடக்கிற ராணுவ விசாரணை நடந்தது, எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். தாள்கள் கிட்டத்தட்ட அத்தோடு முடிகின்றன.

பிராட்லியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னும் இருவர் அதே கப்பலில் இருந்தார்கள். ஹண்டரே ஓவியர்தான். பறவை, பூ, மீன், மனிதர் என்று 1788 முதல் 1790 வரை அவர் வரைந்த நோட்டுப்புத்தகம் கான்பெராவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மற்றவர் ஜார்ஜ் ரேப்பர், மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி, பதின்பருவத்தில் கப்பலேறிய பையன். மூவரில் நிஜமான ஓவியக் கை இவருக்குத்தான் என்பேன். பறவைகளின் நிறம் அப்படியே நிற்கிறது. 1796-இல், முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். அவருடைய படங்களில் பெரும் பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். இன்னொரு கட்டு, இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பத்தின் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கிடந்து, 2004-இல்தான் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு கான்பெரா வாங்கிவிட்டது. மூவரும் ஒருவர் படத்தைப் பார்த்து ஒருவர் வரைந்திருக்கிறார்கள், ஆகவே 'இது யார் கை' என்ற சண்டை ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இத்தனை தாளிலும் அந்த மண்ணின் மக்கள் பேசுவது கேட்காது, அவர்களைப் பற்றிப் பேசுவதுதான் கேட்கும். அவர்கள் குரல் கொஞ்சமாவது வேண்டுமென்றால் வில்லியம் டாஸ் என்ற மரைன் (கடற்படைச் சிப்பாய்ப் பிரிவு) அதிகாரியின் சிறு நோட்டுகளுக்குப் போக வேண்டும். படேகரங் என்ற இளம்பெண்ணிடம் அவர் சிட்னி மொழியைக் கற்றுக்கொண்டு, இருவரும் பேசியதை வாக்கியம் வாக்கியமாக எழுதிவைத்தார். அவை லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் உள்ளன. பிராட்லியைப் படித்து முடித்த கையோடு அதைப் புரட்டினால், பிராட்லி தாள்களில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும்.

அப்புறம் பிராட்லிக்கு என்ன ஆயிற்று? இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ஊர் திரும்பியதும் வேகமாக மேலே வந்தார். 1794 ஜூன் முதல் தேதி பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த பெரிய சண்டையில் பங்கெடுத்தார், கேப்டன் ஆனார். ஆனால் 1809 வாக்கில் மனநிலை பிசகும் அறிகுறிகள். 1812-இல் ரியர் அட்மிரல் என்ற பட்டத்தோடு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். 1814-இல் தபால் துறையை ஏமாற்றியதாக வழக்கு. தனியார் கப்பலில் வரும் கடிதங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் கப்பல் தலைவருக்குக் கடிதத்துக்கு இரண்டு பென்னி தருவது அன்றைய வழக்கம். இவர் நானூற்றுச் சொச்சம் போலிக் கடிதங்களைக் கொண்டுபோய், தன்னை ஒரு கப்பல் தலைவன் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். மொத்தம் மூன்றரைப் பவுண்டுக்கும் குறைவு. அட்மிரல் பட்டம் பெற்ற ஒருவர்!

வின்செஸ்டரில் விசாரணை, தீர்ப்பு தூக்கு. பிறகு அதை ஆயுள் முழுக்க நாடு கடத்தும் தண்டனையாகக் குறைத்தார்கள். கைதிகளைக் கொண்டுபோய் விட்டவர், தானே கைதியாக அதே சிட்னிக்குப் போக வேண்டிய நிலை. கடைசியில் நாட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். பிரான்சில் லெ ஆவ்ர் பக்கம் குடியேறி, தீர்க்கரேகை கணக்கிடும் முறை ஒன்றை எழுதி அரசுக்கு அனுப்பிக்கொண்டு, 1833-இல் அங்கேயே இறந்தார். 1802-க்குப் பிறகு எப்போதோ அந்தச் சுத்தப் பிரதியை உட்கார்ந்து எழுதிய மனிதரும் இவர்தான் என்பதைப் படிக்கும்போது ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மேன்லி படகில் போகும்போது முனைக்கருகே நீரில் ஒற்றைக் கல்தூண் ஒன்று நிற்பதைக் கவனியுங்கள். துறைமுகத் தீவில் இருக்கும் டெனிசன் கோட்டையிலிருந்து அதுவரை சரியாக ஒரு கடல் மைல், கப்பல்களின் வேகத்தை அளந்து பார்ப்பதற்காக நட்டது. புதிதாகச் செதுக்கிய தூண் அல்ல. நகருக்குள் இடித்த ஒரு பழைய கட்டடத்தின் முகப்பிலிருந்து எடுத்துவந்தது. அந்தக் கட்டடம் சிட்னியின் பழைய தலைமைத் தபால் நிலையம்.